கீழே மழை, மேலே பனி

கூர் என்ற அந்தச் சுவிஸ் மலை நகரத்தில் நான் ரயிலால் இறங்கியபோது நல்ல வெயில். என் முதல் சந்தேகம் நிலைய வாசலிலேயே தொடங்கிவிட்டது. "மார்ச் மாதம் மச்சான், குளிர் எலும்புக்குள்ள போகும், தடிச்ச கோட் இல்லாமல் வந்திடாதை" என்று போனில் மிரட்டியவன் தேவன். திருகோணமலையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் பேச்சைக் கேட்டு, ஊரில் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டைக் காவிக்கொண்டு வந்திருக்கிறேன். இங்கே பெண்கள் கை தெரியச் சட்டை போட்டுக்கொண்டு, தெருவோரக் கதிரைகளில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

"என்னடா, பேய்க்காட்டுறியோ?" என்றேன்.

"கொஞ்சம் பொறு" என்றான் தேவன்.

அவன் வீட்டுக்கு இருபது நிமிட நடை. பாதி வழியில் முகில் மூடியது. மழை தூறியது. பிறகு சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் என் கோட்டில் விழுந்து துள்ளின. தெருமுனை திரும்புவதற்குள் அது பஞ்சு பஞ்சாகப் பனியாகிவிட்டது. வீட்டு வாசலில் சப்பாத்தைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால் மறுபடி வெயில், ஒன்றும் நடக்காதது மாதிரி. எனக்கு அந்த ஊரை அப்போதே பிடிக்கவில்லை. நாலு முகம் காட்டுகிற ஆளையே நம்பாதவன், நாலு முகம் காட்டுகிற வானத்தை எப்படி நம்புவேன்?

நான் சந்தேகப் பிராணிதான். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. திருகோணமலைத் துறைமுக வாசலில் இருபத்தெட்டு வருடம் பாஸ் பார்த்து, பை சோதித்து ஓய்வு பெற்றவன். சிரித்துக்கொண்டு வருகிறவனின் பையைத்தான் நான் முதலில் திறப்பேன்.

தேவன் வருடா வருடம் கூப்பிடுவான். இந்த முறை ஓம் என்றதற்குக் காரணம் இருந்தது. என் தம்பி இறந்தபோது அவன் மகள் யாழினிக்குப் பதினான்கு வயது. அன்றிலிருந்து பாலையூற்றில் அந்த வீட்டில் ஒரு கதவுக்குப் பெயின்ற் அடிப்பதென்றாலும் என்னிடம் கேட்டுத்தான் அடிப்பார்கள். இப்போது யாழினிக்கு முப்பத்திரண்டு. கந்தோர் வேலை, கெட்டிக்காரி. நாலு சம்பந்தம் வந்தது, நாலையும் நான்தான் வேண்டாம் என்றேன். ஒருவன் எந்தக் கேள்விக்கும் போனைத் தாயிடம் கொடுத்தானாம். ஒருவனின் சிநேகிதர்கள் சரியில்லை. மற்ற இருவருக்கும் காரணம் இருந்தது. இப்போது கேட்டால் உடனே ஞாபகம் வராது, ஆனால் இருந்தது.

ஐந்தாவதாக வந்தவன் சுதன். வயது முப்பத்தாறு. தாய் எங்கள் பக்கத்து ஈச்சிலம்பற்று ஊரில். இவன் பன்னிரண்டு வருடமாகக் கூரில். புரோக்கர் தந்த தாளில் "ரயிலில் வேலை" என்று இருந்தது. படத்தில் கோட், ரை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பது என்றால் மாப்பிள்ளையிடம் கேட்பதல்ல, அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பது. நேரில் கதைத்தால் எவனும் நல்லவனாகத்தான் கதைப்பான்.

"பேசாமல் போய்க் கதவைத் தட்டன்" என்றான் தேவன், இரவுச் சாப்பாட்டில். அவன் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறான். மனைவி மகளின் பேறு பார்க்க வேறு ஊருக்குப் போயிருந்ததால் வீட்டுச் சமையலும் அவன்தான். நூறு பேருக்கு உப்பில்லாமல் சமைத்துப் பழகிய கை என்பது முதல் வாய்ச் சோற்றிலேயே தெரிந்தது.

"நீ முகவரியை மட்டும் சொல்லு" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் சுதனின் மாடிவீட்டுக்கு எதிரே, மலைச்சரிவில் உயரமாக இருந்த ஒரு மர வாங்கில் போய் அமர்ந்துவிட்டேன். கையில் ஒரு கொப்பி, மடியில் பாணும் சீஸும். சீஸ் மூன்று நாள் சப்பாத்துக்குள் ஊறிய கால்மேசு மாதிரி மணந்தது. தேவன் அதைத்தான் நல்ல சீஸ் என்றான். போனில் வானிலை பார்த்தால் அந்த ஒரு நாளுக்கு நாலு படம் போட்டிருந்தார்கள்: சூரியன், முகில், மழைத்துளி, பனிப்பூ. இது எதிர்வுகூறலா, எதையாவது சொல்லித் தப்புகிற வேலையா? எங்கள் ஊரில் வாடைக்காற்று என்றால் மாதக்கணக்கில் வாடை. பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் வள்ளம் வைத்திருப்பவன் விடியக் கடலைப் பார்த்துவிட்டு, போகலாம் அல்லது ஏலாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான்.

பதினொரு மணிக்கு மூன்றாம் மாடி பல்கனியில் ஒருவன் வந்து நின்றான். படத்தில் பார்த்த அதே முகம். சாரம் கட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டு, கையில் கோப்பை. வானத்தைப் பார்த்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். "செவ்வாய், 11 மணி, சாரம், கொட்டாவி" என்று எழுதிக்கொண்டேன். வேலை நாளில் இந்த நேரத்தில் சாரத்தோடு நிற்கிறவனுக்கு எந்த ரயிலில் என்ன வேலை?

நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்த கிழவி என்னைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி தாண்டினாள். நாயிடம் ஏதோ சொன்னாள். பின்னேரம் அந்த ஒலியை அப்படியே தேவனிடம் சொல்லிக் காட்டினேன். "பாவம், வீட்டில துரத்திவிட்டிட்டினமாக்கும்" என்ற கருத்தாம். நான் வேவு பார்க்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவில்லையே என்று ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் ரோசம்.

புதன்கிழமை முழுக்க மழை. குடையோடு இருந்தேன். அன்று அவன் யன்னல் சீலைகளை அகலத் திறந்துவிட்டு, நடு அறையில் பாயைப் போட்டுப் பகலில் நித்திரை கொண்டான். "வெட்கமில்லாதவன்" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பிறகு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தமிழ்க் கடைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு மெல்லக் கதை கொடுத்தேன்.

"சுதனோ? தங்கமான பொடியன்" என்றார் கடைக்காரர்.

"குடி கிடி?"

"சீச்சீ."

"காசு சேர்த்து வைச்சிருக்கிறாரோ, இல்லாட்டி..."

"ஐயா, நீங்கள் பொம்பிளைப் பகுதியோ?"

"இல்லையில்லை, சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடையில் நின்ற இன்னும் இரண்டு பேரிடமும் வாசலில் மறித்துக் கேட்டேன். அதே பாட்டு: தங்கமான பொடியன். ஒருவனைப் பற்றி மூன்று தமிழர் ஒரே அபிப்பிராயம் சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது.

வியாழன் காலை எட்டு மணிக்கு அந்த ஏதோ கையில் அகப்பட்டது. ஊர் முழுக்க இரவிரவாகப் பெய்த மழையில் நனைந்து கிடந்தது. சுதன் தெருமுனையால் வந்தான், வீட்டிலிருந்து போகவில்லை, வீட்டுக்கு வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு படியேறினான். இரவு முழுக்க எங்கேயோ இருந்துவிட்டு விடியத் தள்ளாடி வருகிறவன். துறைமுக வாசலில் நான் காணாத தள்ளாட்டமா?

வெள்ளிக்கிழமை எழும்பும்போதே தலை விண் விண் என்று இடித்தது. வெளியே வந்தால் சூடான காற்று, ஊரில் அடிக்கிற கச்சான் காற்று மாதிரி வறண்ட காற்று. நேற்றுவரை வெண்மையாக இருந்த பக்கத்து மலை ஒரே இரவில் கறுத்துப் போயிருந்தது. கூரையெல்லாம் தண்ணீராக ஒழுகியது. கோட்டைக் கழற்றி எறியலாம் போல இருந்தது. தேவனின் பக்கத்து வீட்டுப் பெண் படியில் கண்டு, நெற்றியைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள்.

"மலை தாண்டி வாற காத்தாம். இந்தக் காத்து அடிக்கிற நாளில ஒருத்தரோடயும் சண்டை பிடிக்காதேங்கோ, ஒரு முடிவும் எடுக்காதேங்கோ எண்டு சொல்லுறா" என்றான் தேவன்.

"காத்துக்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு, தலையைத் துணியால் கட்டிக்கொண்டு, தம்பியின் மனைவி விமலாவுக்குப் போனில் குரல் பதிவு அனுப்பினேன். "விமலா, இது சரிவராது. பொடியனுக்கு வேலை இருக்கிற மாதிரித் தெரியேல்லை. விடியத்தான் வீட்ட வாறான். கண் சிவப்பு. நான் என்ர கண்ணால கண்டனான். வேண்டாமெண்டு சொல்லிவிடு."

அரை மணித்தியாலம் கழித்து அவளுடைய பதில் வந்தது. இரண்டே சொல். "சரி அத்தான்." யாழினியைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் கேட்கவுமில்லை. ஒரு பிள்ளையைக் கிணற்றில் விழாமல் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அன்று தேவனின் உப்பில்லாச் சோற்றை இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

வந்த காரியம் முடிந்தது. சனிக்கிழமை ஊர் பார்க்கலாம் என்று மேலே மலைக்கிராமத்துக்குப் போகிற சின்னச் சிவப்பு ரயிலில் ஏறினேன். ரயில் புறப்பட்டு, நேரே தெருவுக்குள் இறங்கி, கார்களுக்குப் பின்னால் போகத் தொடங்கியது. தடம் புரண்டுவிட்டது என்று எழுந்து கத்தப் பார்த்தேன். வேறு ஒருவரும் அசையவில்லை. ஒரு கார் சிக்னல் போட்டுத் திரும்பும்வரை ரயில் பொறுத்து நின்றது. எங்கள் ஊரில் மாடு குறுக்கே வந்தாலும் ரயிலுக்கு இவ்வளவு பொறுமை இல்லை.

கீழே மெல்லிய மழை. அரை மணித்தியாலம் ஏறியிருப்போம். ஒரு குகைக்குள் மழையோடு நுழைந்த ரயில் வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் கண்ட பஞ்சுப் பனி அல்ல, ஈரமான, பாரமான பனி. மரக்கிளைகள் நிலம் தொட வளைந்திருந்தன. இன்னும் கொஞ்சம் போய் ரயில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எதிரே இருந்த அம்மா எனக்காக அரைகுறை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: முன்னால் மரம் விழுந்து தண்டவாளத்தில் கிடக்கிறது, வெட்டி எடுக்க வேண்டும். ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்த அம்மா ஒரு பொட்டலம் பிரித்து, தாள் போல மெல்லிசாக வெட்டிய கருஞ்சிவப்பு இறைச்சியை நீட்டினார். நான் இரண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டி, இதுவோ என்று கேட்டேன். மாடுதான், மாடுதான் என்று சந்தோசமாகத் தலையாட்டினார். கும்பிட்டு விலகினேன். அவர் ஒன்றும் நினைக்காமல் வேறு பையிலிருந்து கொட்டைகள் வைத்துச் சுட்ட இனிப்புத் துண்டு ஒன்றைத் தந்தார். அது நல்ல ருசி. அதைச் சாப்பிடும்போதுதான் செம்மஞ்சள் உடுப்புப் போட்ட நாலைந்து பேர் முழங்கால் பனியில், மரம் அரிகிற வாளும் பனி வாருகிற சவளும் தூக்கிக்கொண்டு ரயிலோரமாக நடந்து போனார்கள்.

வாள் இயந்திரம் வெகுநேரம் இரைந்தது. பிறகு அவர்களில் ஒருவன் எங்கள் பெட்டியில் ஏறி, பனியை உதறி, எல்லோருக்கும் ஜெர்மனில் ஏதோ அறிவித்தான். முகத்தை மூடியிருந்த துணியை இறக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினான்.

"பயப்பிடாதேங்கோ ஐயா, பத்து நிமிசத்தில போகலாம்" என்றான் சுதன். அதே சிவந்த கண். "அந்த வாங்கைவிட இதுக்குள்ள சூடுதானே?"

கையிலிருந்த இனிப்பு நழுவி மடியில் விழுந்தது. "தம்பி... உமக்கு..." என்று ஏதோ உளறினேன்.

"செவ்வாய்க்கிழமையே கண்டு விளங்கிட்டுது. பிறகு கடை அண்ணையும் சொன்னவர். விசாரிக்க வந்த ஆளை நான் கூப்பிட்டுக் கதைக்கிறது முறையில்லைத்தானே? அதுதான் நீங்கள் வடிவாப் பாக்கட்டும் எண்டு யன்னல் சீலையைத் திறந்து விட்டனான்." துணியை மறுபடி இழுத்துக் கட்டினான். "இண்டைக்கு மூண்டு மணிக்கு எனக்கு வேலை முடியும். பின்னேரம் வீட்ட வாங்கோ ஐயா. இனி வரலாம். உங்கட பக்கம் வேண்டாமெண்டிட்டினமெண்டு அம்மா காலமை சொன்னவ. இனி என்ர வீட்டில தேத்தண்ணி குடிக்கிறதில ஒரு பிழையும் இல்லை."

இறங்கிப் போய்விட்டான். நான் அப்படியே இருந்தேன். துறைமுகத்தில் வளர்ந்தவனுக்கு வானம் ஒன்றுதான். எனக்கு மேலே மழை பெய்தால் பாலையூற்றிலும் மழை, சல்லியிலும் மழை. நிலத்துக்கு உயரம் இருக்கிறது, நான் கீழே குடையோடு இருந்த அதே நேரம் மேலே முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டும், அதை இரவிரவாக ஒருவன் வாரித் தள்ளிவிட்டு விடியத்தான் நித்திரைக்கு வருவான் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. மேலே பார்க்காமல் மூன்று நாளும் அவன் சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம். "சரி அத்தான்" என்ற அந்த இரண்டு சொல் அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது.

பின்னேரம் மூன்று மாடியும் ஏறினேன். கோட்டை வாங்கிக் கொளுவிவிட்டு, குசினிக்குள் கதிரை போட்டு இருத்தினான். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி. வீடு துப்புரவாக இருந்தது. பழக்கதோசத்தில் அலுமாரிக்குப் பக்கத்தில் போத்தல் ஏதும் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்தேன். தேங்காய் எண்ணெய்ப் போத்தல்தான்.

"பனி கொட்டினால் எந்த நேரமும் கூப்பிடுவினம்" என்றான். "கொட்டாட்டி நித்திரை. இந்த மாதம்தான் மோசம். நடுக் குளிர்காலத்தில எண்டா நாளைக்கு என்ன நடக்கும் எண்டு தெரியும். இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது."

"நேற்று அடிச்ச காத்து?"

"அது எங்கட கச்சான்தான் ஐயா. இஞ்ச வேற பேர். அதுவும் மலை தாண்டி வந்துதான் காயுது, இதுவும் அப்பிடித்தான். அந்தக் காத்துக்கு ஒரு பக்கத்தால பனி உருகும், மற்றப் பக்கத்தால சரிஞ்சு விழும். நேற்றும் நித்திரை இல்லை."

"என்னில கோவமோ?"

கோப்பையை மேசையில் வைத்தான். "பொய் சொல்ல மாட்டன். கோவம்தான். பன்னிரண்டு வருசமாப் பாக்கிற வேலை. ஒரு கேள்வி கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

நான் சொன்னது பிழை, பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று அவனிடமே சொன்னேன். போனை எடுத்து விமலாவை அழைத்தேன். ஊரில் இரவு எட்டரை இருக்கும். விசயத்தைக் கேட்டதும் அவள் குரல் உடைந்துவிட்டது.

"புரோக்கர் நேற்றே சாதகக் குறிப்பைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிப்போட்டார் அத்தான். வேண்டாமெண்டு சொன்ன வாயால இனி என்னெண்டு போய்க் கேக்கிறது? இந்தாங்கோ, பிள்ளையே கதைக்கட்டும்."

"பெரியப்பா, சாப்பிட்டீங்களோ?" என்றாள் யாழினி. எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பாள். நான் மரம் விழுந்தது, பனி, யன்னல் சீலை எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தேன்.

"பெரியப்பா, நீங்கள் அவரோட கதைச்சனீங்களோ?"

"இப்ப அவரின்ர குசினிக்குள்ளதான் இருக்கிறன் பிள்ளை."

"அஞ்சு பேரைப் பாத்தீங்கள். ஒருத்தரோடயும் நீங்கள் கதைக்கேல்லை. என்னையும் கதைக்க விடேல்லை. எனக்கு நல்லதுக்குத்தான் எண்டு நானும் பேசாமல் இருந்திட்டன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "போனை அவரிட்டக் குடுங்கோ."

"என்னம்மா கதைக்கப் போறாய்?" வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன் பெரியப்பா."

போனைச் சுதனிடம் நீட்டினேன். அவன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினான். நான் எழுந்து பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். கோட் உள்ளே கொளுவியில் இருந்தது. வெளியே அந்த நேரம் வெயில்தான். ரயில் நிலையக் கூரை பளபளத்தது. கண்ணாடியால் பார்த்தால் அவன் வாயசைவு தெரியும், ஓரளவுக்கு ஊகிக்கலாம். திரும்பி நின்றுகொண்டேன். வெயில் போனது. மழை வந்தது. மழை அப்படியே பனியாகி என் தலையிலும் தோளிலும் விழத் தொடங்கியது. பல் கிட்டியது, விரல்கள் விறைத்தன. கதவைத் தட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டையும் பார்க்கவில்லை.

பின்னால் கதவு திறந்தது.

"மாமா, உள்ள வாங்கோ" என்றான் சுதன். "கோட் போடாமல் நிக்கிறதுக்கு உங்களை ஏசட்டாம், யாழினி சொன்னவ."